முதல் பத்துத் தட்டு

ரஹமத் பீவியின் கடைசிக் காலத்தில்கூட, ஏற்காட்டு முஸ்லிம் வீடுகளில் கல்யாணம் என்றால் யாராவது பழைய பழக்கத்தில் அவளைத் தேடி வருவார்கள். விருந்துக்கு எத்தனை பேர் தேறுவார்கள், எவ்வளவு அரிசி போடலாம் என்று கேட்பார்கள். அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "என்னையக் கேட்டா? கூப்புட்டவங்க ஊட்டுக்குப் போயி அவங்களையக் கேளுங்க" என்பாள். கிழவிக்குக் கணக்கு மறந்துபோச்சு என்று சொல்லிக்கொண்டே அவர்கள் திரும்பிப் போவார்கள்.

மறக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டுக் கூரைக் கடையில் நின்றுகொண்டு, இன்றைக்கு மலை ஏறி வருகிறவர்கள் மத்தியானம் என்ன சாப்பிடுவார்கள் என்று காலையிலேயே சொன்னவள் அவள். சொன்னது பெரும்பாலும் பலித்தது. பெரும்பாலும் பலித்ததுதான் ஒருநாள் அவளை நடுப்பந்தலில் நிறுத்தியது.

அந்தக் கடை இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. இருந்தவரை அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. காதர் கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். நான்கு பெஞ்சுகள், அடுப்புப் புகை ஏறிக் கறுத்த சுவர், வாசலில் ஒரு சாக்குத் திரை. மார்கழிக் காலையில் கதவைத் திறந்தால் ஆட்களுக்கு முன்னால் மூடுபனி உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். கறி வதங்கும் வாசனையும் ஈர விறகின் புகையும் பனியில் கலந்து, தெருவில் போகிறவர்களின் கம்பளியில் ஒட்டிக்கொண்டு எஸ்டேட் வரைக்கும் போகும். அந்த வாசனையை அறிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் அதைச் சொல்ல முயன்று, பாதியில் நிறுத்திவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

அப்துல் காதர் அவளை ஆத்தூரில் மணமுடித்து மலைக்கு அழைத்துவந்தது, சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகள் கழித்து. புதுப்பெண் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். பின்னாளில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தே அவர்கள் வயிற்றின் நிலையை அவள் சொன்னதற்கு அந்தப் பயணமும் காரணமாக இருக்கலாம்.

கடையில் தினம் இரண்டு உலை. ஒன்று கறிச்சோறு, மற்றது சாம்பாரும் ரசமுமாகச் சைவச் சாப்பாடு. இரண்டுக்கும் எவ்வளவு வைப்பது என்பதை காதர் அன்றைய மனநிலையைக் கொண்டு முடிவு செய்வார். மிஞ்சினால் அல்லாஹ் கொடுத்தது, பற்றாவிட்டால் அல்லாஹ் விட்ட வழி. சமையற்கட்டுக்குள் இருந்த ரஹமத் பீவிதான் மிஞ்சியதைப் பார்த்தாள். கறி மிஞ்சிய நாளில் சைவம் தீர்ந்திருக்கும். சைவம் மிஞ்சிய நாளில் கறிப்பானையைச் சுரண்டியிருப்பார்கள். இது அல்லாஹ்வின் வேலை இல்லை, காதரின் வேலை என்று அவளுக்குத் தோன்றியது.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் காதர் நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனார். துக்க காலம் முடிந்ததும் ரஹமத் பீவி சமையற்கட்டிலிருந்து கடை வாசலுக்கு வந்தாள். காதரின் தம்பி பக்கீர் முகமது கூட நின்றான். அன்று தொடங்கியதுதான் அவளுடைய வழிமுறை.

முதல் பஸ் அடிவாரத்தில் நின்று, இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முனகிக்கொண்டே மேலே வந்து சேரும். அவள் வாசலில் நிற்பாள். கையில் தூக்குப்பாத்திரமோ கட்டுச்சோறோ இருந்தால் அவர் கடைக்கு வர மாட்டார். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி இறங்குகிறவர் ரசம் சோறு கேட்பார். கையை வீசிக்கொண்டு இறங்கி, இறங்கியதுமே பீடி பற்ற வைக்கிறவருக்குக் கறி. அந்த ஒரு பஸ்ஸைக் கொண்டு அன்றைக்குக் கூட்டம் எவ்வளவு என்று ஒரு கணக்கு வரும். பிறகு, சுமை இறக்குகிறவர்களும் லாரிக்காரர்களும் சீக்கிரமே சாப்பிட உட்காருவார்கள். அவர்களின் முதல் பத்துத் தட்டை அவள் கவனிப்பாள். பத்தில் எட்டு கறி, இரண்டு சைவம் என்றால் மத்தியானத்துக்கு வைக்கும் உலையும் அதே விகிதம். அமாவாசை, கிருத்திகையில் அது பத்துக்கு ஐந்தாக இறங்கும். அதையும் தட்டே சொல்லிவிடும். நாள்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை.

பக்கீர் முகமதுவுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"அண்ணி, பத்துத் தட்டப் பாத்து நூறு தட்டுக்கு ஜோசியம் சொல்றீங்க. நம்ம மார்க்கத்துல ஜோசியம் கூடாதுங்க."

"ஜோசியக்காரன் கட்டத்தப் பாத்துச் சொல்றான். நான் தட்டப் பாத்துச் சொல்றேன். நீ போயி வெங்காயத்த உரி."

சாயங்காலம் பானைகளைக் கழுவ எடுக்கும்போது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் மிஞ்சியிருக்கும். பக்கீர் அதைப் பார்த்துவிட்டுச் சாம்பலை எடுத்துத் தேய்க்க உட்காருவான்.

நேற்று நடந்தது இன்றும் நடக்கும் என்று நம்பாமல் யாரும் உலை வைக்க முடியாது. பத்துப் பேரைப் பார்த்து நூறு பேரை ஊகிப்பதில் தவறும் இல்லை. உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. எந்தப் பத்துப் பேர் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கும் தேவை அவளுக்குப் பல வருடங்கள் வரவில்லை. கடைக்குள் இருந்தவரை பதில் எப்போதும் சரியாகவே இருந்தது.

காதர் இறந்த புதிதில் கடை நின்றுபோக இருந்தது. சேலத்து உறவுக்காரர்கள், பொம்பளை போய் நாலு பேர் வந்துபோகும் வாசலில் நிற்பதா என்றார்கள். உள்ளூர் ஆட்களில் சிலர் சங்கடப்பட்டு வேறு கடைக்கு மாறினார்கள். ஒரு வாரம் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அப்போதுதான் கரடியூர் குழந்தைவேல், தலையில் பீன்ஸ் மூட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, கடை இருக்குதுங்ளா, இல்லீங்ளா?"

"இருக்குதுங்க."

"அப்பறம் என்னமோ சொன்னாங்க ஊருக்குள்ள."

"சொன்னவங்களுக்குப் பசிக்கலையாட்டம் இருக்குதுங்க."

குழந்தைவேல் சிரித்துவிட்டு மூட்டையை இறக்கினார். பின்னால் வந்தவர்களைப் பார்த்து, "உக்காருங்கப்பா, சோறு இங்கதான்" என்றார். கரடியூரும் வெள்ளக்கடையுமாகக் காய்கறி, கொய்யா, காப்பி கொண்டுவரும் குடியானவர்கள் அந்த வருடம் முழுக்க வேறு கடைப் பக்கம் போகவில்லை. அவர்கள் தட்டின் மேல்தான் கடை நின்றது என்பதை ரஹமத் பீவி மறக்கவில்லை. ஒருநாள் குழந்தைவேலுக்கு இரண்டாவது முறை குழம்பு ஊற்றும்போது சொன்னாள்:

"எம் மவ கல்யாணத்துக்கு உங்க ரெண்டு ஊரும் மொத்தமா வரோணுங்க. ஒருத்தருகூடப் பசியோட திரும்பப் படாது."

"நாங்க நொம்பப் பேருங்க. நல்லா யோசனை பண்ணிச் சொல்லுங்க."

"பண்ணித்தான் சொல்றேன்."

அப்போது பாத்திமாவுக்குப் பாவாடை தரையில் புரளும் வயது. அவளுக்குக் கல்யாண வேளை எழுபதுகளின் நடுவில் வந்தது. மாப்பிள்ளை சிக்கந்தர், சேலம் கோட்டையில் துணிக்கடை. மாப்பிள்ளையின் தாய் கதீஜா, கண்ணாலேயே எடை போடுகிறவள் என்று பெயர் எடுத்தவள். ரம்ஜான் நோன்பு வருவதற்குள் நிக்காஹ் முடிந்துவிட வேண்டும் என்று இரு வீட்டாரும் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். அது ஆடி மாதம். ஆடியில் மற்றவர்கள் கல்யாணம் வைப்பதில்லை, ஆகவே பந்தல்காரர் சும்மா இருந்தார். பாத்திரங்கள் சும்மா இருந்தன. எல்லாம் வசதியாகக் கூடிவந்தது என்று பக்கீர் மகிழ்ந்தான்.

விருந்துக்கு வரும் சேலத்துக்காரர்களைப் பற்றிக் கவலை இல்லை. அத்தனை பேருக்கும் பிரியாணி. மலை ஊர்க்காரர்கள் பற்றித்தான் ரஹமத் பீவி யோசித்தாள். எத்தனை பேர் கறி, எத்தனை பேர் சைவம்? அவசரப்படவில்லை. கல்யாணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே, கடைக்கு வருகிறவர்களில் கரடியூர், வெள்ளக்கடை ஆட்களை மட்டும் பிரித்துக் கவனித்தாள். பத்துத் தட்டுக்கு எட்டு கறி. ஆடியில் விரதக்காரர்கள் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் ஆடி பிறந்த பிறகும் விடாமல் பார்த்தாள். அப்போதும் பத்துக்கு எட்டு. முன்பு கடந்த ஆடிகளையும் நினைத்துப் பார்த்தாள். எந்த ஆடியிலும் விகிதம் மாறியதில்லை. கூட்டம் மட்டும் சற்றுக் குறையும். அது மழையால் என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள்.

போதாததற்கு குழந்தைவேலிடமும் கேட்டாள்.

"உங்க ஊர்ல எல்லாரும் கறி சாப்புடுவாங்ளா?"

"சாப்புடாம? கெடைக்கறதுதாங்க கஷ்டம்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் எப்போதும் கறித் தட்டுக்காரர். ஆக, மலை ஊர்க்காரர்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சைவம், கைகாவலாக இன்னும் கொஞ்சம் என்று அவள் தீர்மானிக்க, சைவ ஓட்டல்காரரிடம் கறி படாத அண்டா ஒன்றை இரவல் வாங்கிவந்தான் பக்கீர்.

கல்யாணத்தன்று மழை ஓய்ந்து மூடுபனி மட்டும் நின்றது. பள்ளிவாசலுக்குப் பின்னால் சவுக்கு மரங்களின் நடுவே பந்தல். சேலத்திலிருந்து இரண்டு பஸ் வந்து சேர்ந்து, மாப்பிள்ளை வீட்டார் தலைசுற்றல் தீர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தலின் ஒரு பக்கம் பாத்திமாவின் சீர் பரப்பி வைத்திருந்தது. ஈயம் பூசிய பித்தளை அண்டாக்கள், தவலை, குடங்கள், எல்லாவற்றிலும் பாத்திமா என்று பெயர் வெட்டி, புளி போட்டுத் துலக்கி, முகம் தெரிகிற மாதிரி. கதீஜா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைவில் பிரியாணித் தேக்சாக்களை மூடி, மூடியின் மேல் நெருப்பை வாரி வைத்திருந்தார்கள்.

எஸ்டேட் லாரி ஒன்றில் கரடியூரின் முதல் கூட்டம் வந்து இறங்கியது. எல்லோரும் பெண்கள். ஆண்கள் நடந்து வருகிறார்களாம். வெள்ளக்கடைக்காரர்களோடு இன்னும் இரண்டு லாரி பின்னால் வருகிறதாம். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற ரஹமத் பீவிக்கு அதில் ஒரு முகமும் தெரியவில்லை. அந்த ஊர் ஆண்கள் எத்தனையோ வருடம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்திகூட அந்தக் கடைக்குள் காலடி வைத்ததில்லை.

முன்னால் வந்தவள் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். "நான் அத்தாயிங்க. குழந்தைவேல் ஊட்டுக்காரி."

சந்தனம் வாங்கக் கையை நீட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கட்டிய நூல்.

"இது என்னங்க அத்தாயி, கையில?"

"காப்புங்க. மாரியாத்தாளுக்கு. ஊரே கட்டியிருக்குது."

"ஊரேவா?"

"பொம்பளைங்க அத்தன பேரும். ஆம்பளைங்கள்ல பாதி. எங்கூட்டுக்காரரு கட்ட மாட்டாருங்க. அவருக்கும் சேத்து நான் வெரதம் இருக்கறேன், எனக்கும் சேத்து அவரு உங்க கடையில சாப்புடறாரு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ரஹமத் பீவியும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"வருசா வருசமா கட்டுவீங்க?"

"ஆடின்னாக் கட்டறதுதாங்க. கட்டிட்டமுன்னா கறி வேகற எடத்துப் பக்கம் வர மாட்டோம். டீ குடிக்கறதுன்னாலும் பக்கத்துக் கடையிலதான் குடிப்பாங்க எங்க ஆளுங்க."

"இன்னைக்கு?"

"நீங்க கூப்புட்டீங்க, வராம இருக்க முடியுங்ளா? பொண்ணப் பாத்துட்டு, ஒரு வா தண்ணி குடிச்சிட்டு, பொழுதோட ஊடு போய்ச் சேந்துருவோம். நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க."

ரஹமத் பீவி அடுத்த கைக்குச் சந்தனம் வைத்தாள். மஞ்சள் நூல். அடுத்தது. மஞ்சள் நூல். அவளுக்குத் தட்டுகளை எண்ணியே பழக்கம். இப்போது கைகளை எண்ணினாள். முதல் பத்துக் கையில் ஒன்பதில் காப்பு இருந்தது. பின்னால் இரண்டு லாரி வருகிறது. மேற்கொண்டு எண்ண வேண்டியிருக்கவில்லை.

எல்லா ஆடியும் பத்துக்கு எட்டாகவே இருந்ததன் காரணம் அந்த வாசலில் நிற்கும்போதுதான் அவளுக்கு விளங்கியது. கடை வாசல் ஒரு சல்லடை. கறி உண்ணாத மாதத்தில் கறி உண்ணாதவர்கள் உள்ளே வருவதே இல்லை. உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணினால் விகிதம் எப்படி மாறும்? மாறியது கூட்டம். அதை மழையின் தலையில் கட்டிவிட்டாள். சாப்பிடுகிறவர்களை இவ்வளவு அக்கறையாகப் பார்த்தவள், பக்கத்துக் கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை ஒருநாளும் பார்க்கவில்லை. அவர்களில் சிலர் அங்கிருந்தே அவளுக்குக் கையெடுத்து வணக்கம் சொன்னதுகூட இப்போது நினைவுக்கு வந்தது.

அவள் சந்தனக் கிண்ணத்தைப் பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பக்கீரைத் தேடிப் போனாள்.

"சைவம் பத்தாது."

"எவ்வளவு பத்தாதுங்க அண்ணி?"

"கறிக்கு வச்ச கணக்கு சைவத்துக்கு, சைவத்துக்கு வச்ச கணக்கு கறிக்கு."

பக்கீர் அவள் முகத்தைப் பார்த்தான். கேலி எதுவும் சொல்லவில்லை. "அரிசி இருக்குது. பருப்பும் பீன்ஸும் சௌசௌவும் கடையிலருந்து கொண்டாந்துடலாம். நிக்காஹ் முடிஞ்சு, ஆம்பளைங்க பந்தி எந்திரிக்கறதுக்குள்ள ஆக்கிப்புடலாம். ஆனா பாத்திரம்? கடைப் பானையெல்லாம் கறியோட புழங்குனது. கறி படாதது ஒரு அண்டாதான். ஓட்டல்காரரு வச்சிருக்கறதுல அவரு கடைக்கு அவரு சமைக்கோணும்."

ரஹமத் பீவி பந்தலின் அந்தப் பக்கம் பார்த்தாள். பக்கீரும் பார்த்தான்.

"அண்ணி, அது சீருங்க."

"பாத்திரந்தானே."

"சம்பந்தியம்மா நின்னு பாத்துட்டு இருக்காங்க."

"பாக்கட்டும்."

வாய் அப்படிச் சொன்னாலும் கால் நகரவில்லை. விறகடுப்பில் ஏறிய பித்தளைக்கு அடியில் பிடிக்கும் கரி முழுதாகப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். கதீஜாவைப் பற்றியும் தெரியும். புழங்கின பாத்திரத்தைச் சீராகக் கொடுத்தார்கள் என்று ஒரு சொல் பிறந்தால் அதைச் சுமக்கப்போவது இவள் அல்ல, பாத்திமா. வாக்குக் கொடுத்தது தாய். விலை கொடுப்பது மகள். இப்படி ஒரு கணக்குக்கு எந்தத் தட்டைப் பார்த்தும் பதில் வராது.

அவள் உள்ளே போனாள். பாத்திமா பூச்சரத்துக்குள் முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். ரஹமத் பீவி குனிந்து காதருகே சொன்னாள்.

"கண்ணு, உன் பாத்திரத்த அடுப்புல ஏத்தோணும். கரடியூருப் பொம்பளைங்களுக்குச் சோறு இல்ல."

"மாமியா என்ன சொல்லுவாங்கம்மா?"

"சொல்லத்தான் சொல்லுவாங்க."

பாத்திமா பூச்சரத்தை விரலால் விலக்கி அம்மாவைப் பார்த்தாள்.

"எத்தன?"

"ரெண்டு அண்டா, ஒரு தவல."

"சரி. குடத்தையாவது விட்டு வைங்க" என்றாள் பாத்திமா.

பிரியாணி அடுப்புகளுக்கு எதிர்ப்பக்கம், மரங்களுக்கு அப்பால், கல் கூட்டிப் புதிதாக மூன்று அடுப்பு மூட்டினார்கள். பக்கீரும் இன்னொருவனும் அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு பந்தல் நடுவே நடந்தபோது பேச்சுகள் ஒவ்வொன்றாக நின்றன. கதீஜா நிமிர்ந்து பார்த்தாள்.

ரஹமத் பீவி கையைக் கழுவிக்கொண்டு தானே உலை வைத்தாள். புது அண்டா, புது விறகு, கறிப் பக்கம் போகாத கரண்டி என்று அத்தாயியிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, "இதுல ஆக்குனா உங்களுக்குச் சரிங்ளா? எனக்குத் தெரியல, அதான் கேக்கறேன்" என்றாள்.

அத்தாயி அண்டாவைக் குனிந்து பார்த்தாள். "கல்யாணப் பொண்ணு பேரு வெட்டியிருக்குதுங்ளே."

"ஆமாங்க."

"எங்களுக்காகவா?"

"உங்களுக்காகன்னு இல்லீங்க. நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்."

அத்தாயி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "அரிவாமனையக் கொண்டாங்க. சும்மா உக்காந்து என்ன பண்றது." பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்தார்கள். சௌசௌவைத் தோல் சீவும் வேகத்தில் அவர்கள் ஊர்க்கதை அத்தனையும் வெளியே வந்தது. குழந்தைவேல் கடையில் சாப்பிட்டுவிட்டு வீட்டில் ஒன்றும் சாப்பிடாதவர்போல் உட்காருவார் என்றும், மீசையில் மசாலா வாசனை வரும் என்றும், தான் தெரியாத மாதிரி மறுபடியும் களி போடுவதாகவும் அத்தாயி சொன்னாள். ரஹமத் பீவிக்கு அந்த ஊர் வேறொரு வாசல் வழியாகத் தெரிய ஆரம்பித்தது. பத்து வருடமாக எண்ணியும் தெரியாதது, பருப்பு வேகும் நேரத்துக்குள்.

நிக்காஹ் முடிந்து துஆ ஓதும் சத்தம் மரங்களுக்கு இடையே வந்தது. மகளின் நிக்காஹை அவள் புகைக்கு நடுவில் நின்றுதான் கேட்டாள்.

ஆண்கள் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கதீஜா அடுப்பருகே வந்தாள். அண்டாவின் அடிப்பக்கம் பெயர் வெட்டிய இடம் வரைக்கும் கறுத்திருந்தது.

"சம்பந்தி, இந்தக் கரி போகுமா?"

"முழுசாப் போகாதுங்க."

"தெரிஞ்சுதான் ஏத்துனீங்களா?"

"தெரிஞ்சுதாங்க. எங் குத்தம். கொறையிருந்தா எங்கிட்டச் சொல்லுங்க. அவகிட்டச் சொல்லாதீங்க."

கதீஜா மரத்தடியில் வரிசையாக உட்கார ஆரம்பித்திருந்த பெண்களைப் பார்த்தாள். இரண்டாவது லாரியும் வந்துவிட்டிருந்தது.

"இத்தன பேரு கறி சாப்புட மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? கடை வச்சிருக்கீங்க."

"கடைக்கு வர்றவங்களத்தாங்க எனக்குத் தெரியும்."

கதீஜாவுக்கு மனம் இளகியது என்று சொன்னால் அது பொய். அந்தக் கரியைப் பற்றி அவள் பின்னால் பாத்திமாவிடம் பேசத்தான் செய்தாள், பல தடவை. ஆனால் அப்போது, போகத் திரும்பியவள் நின்று, "எல போடறதுக்கு எங்காளுங்க நாலு பேர அனுப்பறேன். உங்காளுங்க பத்த மாட்டாங்க" என்றாள். அனுப்பவும் செய்தாள்.

சோறும் சாம்பாரும் சௌசௌப் பொரியலும் அப்பளமும். மூன்றாவது லாரியும் வந்து, பந்தி மேல் பந்தியாக உட்கார்ந்து எழுந்தார்கள். காப்புக் கட்டிய ஆண்கள் பெண்களோடு சேர்ந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ரஹமத் பீவி இலை இலையாகக் குனிந்து, "போதுங்ளா, இன்னும் கொஞ்சம் போடட்டுங்ளா" என்று கேட்டுக்கொண்டே போனாள். கடையில் அவள் அப்படிக் கேட்டதில்லை. தட்டு காலியாவதைப் பார்த்துத் தானே போடுவாள். பந்தலில் பிரியாணி ஏராளமாக மிஞ்சியது. குழந்தைவேல் தன்னால் ஆனதைச் செய்தார். மீதியைச் சேலத்துக்காரர்கள் தூக்குகளில் வாங்கிக்கொண்டார்கள்.

பொழுது சாயும் முன்பு லாரிகள் கிளம்பின. மூடுபனி மறுபடியும் இறங்கத் தொடங்கியிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். அத்தாயி பின்பக்கப் பலகையில் கால் வைத்து ஏறியபோது ரஹமத் பீவி அவள் கையைப் பிடித்தாள்.

"யாராச்சும் சாப்புடாமப் போறாங்ளா?"

அத்தாயி லாரிக்குள் திரும்பி உரக்கக் கேட்டாள். "ஏ, யாராச்சும் சாப்புடாத இருக்கறீங்களா?" உள்ளேயிருந்து பல குரல்கள் ஒன்றாக வந்தன. ஒருத்தி மூன்று தடவை சோறு வாங்கியதை இன்னொருத்தி சொல்லிக் காட்டினாள்.

"எல்லாரும் சாப்புட்டாச்சுங்க."

"நல்லா இருந்துதுங்ளா?"

அத்தாயி கொஞ்சம் யோசித்தாள். அவள் முகத்துக்காகப் பேசுகிற ஆள் இல்லை.

"வயிறு நெறஞ்சுதுங்க. சாம்பார்ல உப்பு மட்டும் தூக்கலுங்க."

லாரி புறப்பட்டு, சவுக்கு மரங்களைத் தாண்டும்போதே பனிக்குள் மங்கிப்போனது. சிரிப்புச் சத்தம் மட்டும் வளைவு திரும்பும்வரை கேட்டது.

ரஹமத் பீவி அடுப்பருகே திரும்பி வந்தாள். விறகுகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அண்டாவின் அடியில் கொஞ்சம் சோறும் சாம்பாரும் இருந்தன. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. கரண்டியால் வழித்து இலையில் போட்டுக்கொண்டு, கல்லின் மேல் உட்கார்ந்து, பிசைந்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள்.

உப்பு தூக்கல்தான். அவள் போட்டது தெரியாமல் பக்கீரும் ஒரு கை உப்பு போட்டிருக்க வேண்டும்.

அவள் இன்னொரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.